வேலையும் தொழிலாளரும்: ஆங்கிலச் சொல்லிணைவுகள்

ஒரு மொழியில் சில சொற்கள் வழக்கமாகச் சேர்ந்தே வருவதைச் சொல்லிணைவு என்பர். ஆங்கிலத்தில் இதற்குக் ‘கொலொகேஷன்’ என்று பெயர். இந்தச் சேர்க்கையை இலக்கண விதி எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை. பேசுவோரின் நெடுநாள் பழக்கம்தான் கட்டாயப்படுத்துகிறது. தமிழில் நாம் சம்பளம் வாங்குகிறோம், லீவு போடுகிறோம், வேலை பார்க்கிறோம். சம்பளத்தை யாரும் கடையில் வாங்குவதில்லை; வேலையைக் கண்ணால் பார்ப்பதோடு யாரும் நிறுத்திக்கொள்வதும் இல்லை. சிலர் நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

லீவு போடுவதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘ஐ புட் லீவ்’ என்று சொல்வோர் நம் அலுவலகங்களில் பலர். ஆங்கிலத்தில் லீவு கேட்டு விண்ணப்பித்தால் ‘அப்ளை ஃபார் லீவ்’, கிடைத்து எடுத்துக்கொண்டால் ‘டேக் லீவ்’. ஆனாலும் ‘புட் லீவ்’ என்பதால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. கேட்பவருக்குப் புரிந்துவிடும். நட்டம் வருவது வேறோர் இடத்தில். பணி ஆணை, சம்பளச் சீட்டு, விலகல் கடிதம் போன்ற தாள்களில் ஒரே சொல் வேறு துணையோடு வரும்போது, கைக்கு வரும் பணமும் சட்டம் தரும் பாதுகாப்பும் மாறிவிடுகின்றன. அகராதியில் ஒற்றைச் சொல்லுக்குப் பொருள் பார்த்தவருக்கு இது பிடிபடாது. இக்கட்டுரை அத்தகைய சேர்க்கைகளில்தான் கூடுதலாக நிற்கிறது.

சொல்லின் பொருளில் ஒரு பகுதி அது யாரோடு சேர்ந்து வருகிறது என்பதில் இருக்கிறது என்ற கருத்தை மொழியியலில் நிலைநிறுத்தியவர் ஆங்கிலேயரான ஜே. ஆர். ஃபர்த் (1890–1960). லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த இவருக்குத் தமிழோடும் உறவு உண்டு. ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்கு 1934-இல் தமிழ் ஒலிப்பு பற்றிப் பின்னிணைப்பு எழுதியவர் இவரே.

ஜாப், வொர்க், லேபர்

மூன்றுக்கும் தமிழில் ‘வேலை’ என்றே எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று வழியில் போகின்றன.

‘ஜாப்’ எண்ணக்கூடிய பொருள். ஆகவே ‘எ ஜாப்’, ‘டூ ஜாப்ஸ்’ என்று வரும். ‘வொர்க்’ எண்ண முடியாதது. ‘எ வொர்க்’, ‘மெனி வொர்க்ஸ்’ என்று இந்தப் பொருளில் வராது. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது என்பதற்கு ‘ஐ ஹாவ் சம் வொர்க்’ என்றே சொல்ல வேண்டும். ‘வொர்க்ஸ்’ என்று பன்மையில் வந்தால் பொருளே வேறு: ‘ஸ்டீல் வொர்க்ஸ்’ என்றால் எஃகு ஆலை, பொதுப்பணித் துறையின் ஆங்கிலப் பெயரில் இருப்பது கட்டுமானப் பணிகள், எழுத்தாளர் பெயருக்குப் பின் வந்தால் அவருடைய நூல்கள்.

வேலை தேடுவது ‘லுக் ஃபார் எ ஜாப்’, விண்ணப்பிப்பது ‘அப்ளை ஃபார் எ ஜாப்’. இங்கே ‘ஃபார்’ விடுபடக்கூடாது. கிடைத்த வேலையைக் கைவிடாமல் தக்கவைத்துக்கொள்வது ‘ஹோல்ட் டவுன் எ ஜாப்’. பிழைப்புக்குச் சம்பாதிப்பது ‘எர்ன் எ லிவிங்’ அல்லது ‘மேக் எ லிவிங்’. இதில் ‘டூ’ வராது.

சிறிய இடைச்சொற்கள் செய்யும் குழப்பம் பெரியது. ‘அட் வொர்க்’ என்றால் வேலையிடத்தில் இருக்கிறார். ‘ஆஃப் வொர்க்’ என்றால் உடம்புக்கு முடியாமலோ வேறு காரணத்தாலோ இன்று வரவில்லை. ‘அவுட் ஆஃப் வொர்க்’ என்றால் வேலையே இல்லை. காய்ச்சலில் படுத்திருப்பவர் ‘ஐ அம் அவுட் ஆஃப் வொர்க்’ என்று செய்தி அனுப்பினால், படிப்பவர் அனுதாபத்தோடு வேறு கம்பெனியின் முகவரி அனுப்பக்கூடும்.

‘லேபர்’ ஒரு மனிதரைக் குறிப்பதில்லை. உழைப்பையோ உழைப்பாளர் கூட்டத்தையோ குறிக்கிறது. நம் கட்டட வேலை இடங்களில் ‘நாலு லேபர் வேணும்’ என்பது இயல்பான பேச்சு. ஆங்கிலத்தில் அது ‘ஃபோர் லேபரர்ஸ்’ அல்லது ‘ஃபோர் வொர்க்கர்ஸ்’. இச்சொல்லுக்கு வாய்த்த துணைகளைப் பார்த்தால் அதன் வரலாறே தெரியும்: ‘மேனுவல் லேபர்’ உடலுழைப்பு, ‘சீப் லேபர்’ மலிவான உழைப்பு, ‘சைல்ட் லேபர்’ குழந்தைத் தொழில், ‘ஃபோர்ஸ்ட் லேபர்’ கட்டாய உழைப்பு, ‘பாண்டட் லேபர்’ கொத்தடிமை முறை. கடைசியாகச் சொன்னதை ஒழிக்க இந்தியாவில் 1976-இல் தனிச் சட்டமே வந்தது. இதே சொல் பிரசவ வலியையும் குறிக்கும் என்பதை ‘லேபர் வார்டு’ அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

‘எம்ப்ளாய்மென்ட்’ சற்றுக் கோட்டு சூட்டு போட்ட சொல். படிவங்களிலும் சட்டங்களிலும் வரும். வீட்டுப் பேச்சில் வராது. கடினமாக உழைப்பவர் ‘ஹார்ட் வொர்க்கர்’. அவர் ‘வொர்க்ஸ் ஹார்ட்’. ‘ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்று சொல்லிவிட்டால் அவர் வேலையே செய்வதில்லை என்றாகிவிடும்.

சேரும்போது

‘ஆஃபர் லெட்டர்’ என்பது வேலை தர முன்வருவதைச் சொல்லும் கடிதம். ‘அப்பாயின்ட்மென்ட் லெட்டர்’ என்பது பணி நியமன ஆணை. நிறுவனம் ‘மேக் அன் ஆஃபர்’ செய்யும். நாம் அதை ‘அக்செப்ட்’ செய்யலாம், வேண்டாமென்றால் ‘டர்ன் டவுன்’ செய்யலாம். சேர்வதற்கு ‘ஜாயின் எ கம்பெனி’ போதும்; நடுவில் ‘இன்’ தேவையில்லை.

தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் ‘ஆன் ப்ரொபேஷன்’. இதே தொடர் நீதிமன்றத்தில் வந்தால் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவிக்கப்பட்டவரைக் குறிக்கும். ஆகவே இடம் அறிந்து பயன்படுத்துவது நல்லது. முன்னனுபவம் இல்லாமல் வேலைக்கு வருபவரை இந்தியாவில் ‘ஃப்ரெஷர்’ என்கிறோம். பிரிட்டனில் அது பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்த மாணவரைக் குறிக்கும்.

‘கேஷுவல்’ என்ற சொல்லைத் தனியே பார்க்க வேண்டும். ‘கேஷுவல் லீவ்’ என்பது அரசு அலுவலகத் தமிழில் தற்செயல் விடுப்பு. ‘கேஷுவல் வொர்க்கர்’ என்பவர் தேவைப்படும்போது மட்டும் அழைக்கப்படும் தொழிலாளர். ‘கேஷுவல் லீவ்’ உள்ளவர் பெரும்பாலும் ‘கேஷுவல் வொர்க்கர்’ ஆக இருக்கமாட்டார் என்பதே இந்த இரு சேர்க்கைகளுக்கும் இடையிலுள்ள தூரம்.

ஊதியச் சொற்கள்

நாளுக்கோ வாரத்துக்கோ மணிக்கோ கணக்கிடும் கூலி ‘வேஜ்’. மாதச் சம்பளம் ‘சாலரி’. இரண்டுக்கும் பொதுவானது ‘பே’. அதனால்தான் ‘மினிமம் வேஜ்’ என்ற தொடர் உண்டு, ‘மினிமம் சாலரி’ அவ்வளவாக இல்லை. சம்பளம் கூடுவதை நாம் ‘சாலரி ஹைக்’ என்கிறோம். பிரிட்டனில் ‘பே ரைஸ்’, அமெரிக்காவில் ‘ரெய்ஸ்’.

சம்பளத்தின் முன்னால் நிற்கும் அடைமொழியில்தான் காசு இருக்கிறது. ‘கிராஸ் பே’ என்பது பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தம். ‘நெட் பே’ அல்லது ‘டேக் ஹோம் பே’ என்பது பிடித்தம் போகக் கைக்கு வருவது. ‘பேசிக் பே’ என்பது படிகள் எதுவும் சேராத அடிப்படைச் சம்பளம். இந்தியத் தனியார் நிறுவனங்கள் சொல்லும் ‘காஸ்ட் டு கம்பெனி’ என்பது நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதி போன்றவற்றையும் சேர்த்த தொகை. அது நிறுவனத்தின் செலவு. ஊழியரின் வரவு அன்று. சம்பளம் எவ்வளவு என்று உறவினர் கேட்டால் சொல்லக் கம்பீரமான எண், மாதக் கடைசியில் உதவாத எண்.

‘பேசிக்’ என்ற ஒரு சொல் எவ்வளவு பெறும் என்பதைச் சிங்கப்பூர் வேலை ஒன்றை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் செல்வோர் பலருக்கு இது அன்றாடக் கணக்கு. அங்கே வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி ஓவர்டைம் ஊதியம், மணிக்கணக்கு அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது ஒன்றரை மடங்கு. மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, ஆண்டின் 52 வாரம், வாரத்துக்கு 44 மணி ஆகியவற்றின் பெருக்கல் தொகையான 2,288-ஆல் வகுத்தால் மணிக்கணக்கு வரும்.

இருவருக்கும் மாதம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் தாளில் 800-ம் ‘பேசிக் சாலரி’. அவருக்கு மணிக்கு ஏறத்தாழ 4.20 வெள்ளி, ஓவர்டைம் மணிக்கு 6.29. இரண்டாமவரின் தாளில் ‘பேசிக் சாலரி’ 500, ‘ஃபிக்ஸ்ட் அலவன்ஸ்’ எனப்படும் நிலையான படி 300. அவருக்கு மணிக்கு 2.62, ஓவர்டைம் மணிக்கு 3.93. மாதம் 60 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் இருவருக்கும் வரும் வித்தியாசம் ஏறத்தாழ 141 வெள்ளி. ஊரில் ஏஜென்ட் வாய்மொழியாகச் சொன்னது இருவருக்கும் ஒன்றேதான்: ‘மாசம் எண்ணூறு வெள்ளி.’

அதே நாட்டில் ‘வொர்க் பெர்மிட்’, ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ ஆகியவையும் ஒன்றல்ல. இரண்டையும் ‘வேலை அனுமதி’ என்று தமிழில் சொல்லிவிடலாம். ஆனால் முன்னது பெரும்பாலும் உடலுழைப்புத் துறைகளுக்கானது, பின்னது தொழில்முறை வல்லுநர்களுக்கானது. ‘வொர்க் பெர்மிட்’ வைத்திருப்பவர் குடும்பத்தினரைத் தம்மைச் சார்ந்தவர்களாக அங்கே அழைத்து வைத்துக்கொள்ள முடியாது.

வேலை போகும்போது

தமிழில் ‘வேலை போயிடுச்சு’ என்ற ஒரே தொடர் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறது. யார் தவறு, யார் முடிவு, திரும்பக் கூப்பிடுவார்களா என்பதையெல்லாம் கேட்பவர் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு சேர்க்கை உண்டு. அந்தச் சேர்க்கை அடுத்த நேர்காணல் வரை கூடவே வரும்.

தானாக விலகுவது ‘ரிசைன்’ அல்லது ‘குவிட்’. விலகும் எண்ணத்தை முன்கூட்டித் தெரிவிப்பது ‘கிவ் நோட்டீஸ்’, ‘ஹேண்ட் இன் யுவர் நோட்டீஸ்’. இந்திய ஆங்கிலத்தில் ‘புட் டவுன் பேப்பர்ஸ்’ என்பார்கள். இலண்டனில் அதைச் சொன்னால் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்ததாக நினைப்பார்கள். அறிவிப்புக் காலம் முழுவதும் வேலை செய்வது ‘சர்வ் தி நோட்டீஸ் பீரியட்’. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவரை நம் ஊர் நிறுவனங்கள் ‘அப்ஸ்காண்டிங்’ என்று பதிவு செய்கின்றன. பொது ஆங்கிலத்தில் அது குற்றவாளி தலைமறைவாவதற்கான சொல். வளைகுடா நாடுகளில் முதலாளி ‘அப்ஸ்காண்டிங் ரிப்போர்ட்’ கொடுத்துவிட்டால் தொழிலாளியின் தங்கும் உரிமையே சிக்கலுக்குள்ளாகலாம். அங்கே வேலையை விட்டேன் என்று சொல்வதற்கும் அந்தச் சொல்லைத் தாமே பயன்படுத்துவதற்கும் உள்ள தொலைவை விளக்கத் தேவையில்லை.

நிறுவனம் வெளியேற்றினால் பேச்சு வழக்கில் ‘கெட் ஃபயர்ட்’, பிரிட்டனில் ‘கெட் தி சாக்’. இரண்டிலும் தொழிலாளி மீது குறை இருப்பதாகத் தொனிக்கும். ‘டெர்மினேட்’ என்ற சொல்லில் நம்மவர் அடிக்கடி வழுக்கி விழுகிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே வந்தவர் நேர்காணலில் ‘ஐ வாஸ் டெர்மினேட்டட்’ என்று சொல்லிவிடுகிறார். ஒப்பந்தத்தைத்தான் முடித்தார்கள் என்பது அவர் மனத்தில் உள்ளது. கேட்பவர் காதில் விழுவது ஒழுங்கு நடவடிக்கை. ‘மை கான்ட்ராக்ட் எண்டட்’ என்று சொன்னால் யாருக்கும் ஐயம் வராது. இங்கே முடிந்தது ஒப்பந்தம், ஆள் அல்ல.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் ‘மேட் ரிடண்டன்ட்’ இந்த வேறுபாட்டை நுட்பமாகக் காட்டுகிறது. அந்தப் பணியிடமே தேவையற்றுப் போயிற்று, ஆளிடம் குறையில்லை என்பது அதன் பொருள். வேலையிழந்தவருக்கு ஆறுதலான சொல் என்று தோன்றாவிட்டாலும், பணம் தரும் சொல் அதுதான். அங்கே இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்குச் சட்டப்படி ‘ரிடண்டன்சி பே’ உண்டு: 22 வயதுக்குக் கீழ் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை வாரச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு வாரம், 41-க்கு மேல் ஒன்றரை வாரம். வாரச் சம்பளத்துக்கும் ஆண்டுகளுக்கும் உச்சவரம்பு உண்டு. ‘கிராஸ் மிஸ்காண்டக்ட்’ எனப்படும் கடும் ஒழுங்கீனத்துக்காக ‘டிஸ்மிஸ்’ ஆனவருக்கு இது கிடையாது. ‘கிராஸ் பே’யில் மொத்தம் என்று பொருள் தந்த அதே ‘கிராஸ்’ இங்கே கொடிய என்று பொருள் தருகிறது.

இனி, ‘லே ஆஃப்’. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். அமெரிக்கப் பழக்கத்தில் ‘லெய்ட் ஆஃப்’ என்றால் இன்று பெரும்பாலும் வேலை நிரந்தரமாகப் போய்விட்டது. நிறுவனத்தின் நிலைமையே காரணம். அங்கே 1988-இல் வந்த சட்டப்படி 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் பெருந்திரளாக ஆட்களைக் குறைக்கும்போது 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்களைக் குறைக்கும்போது நம் நாளிதழ்கள் எழுதும் ‘லே ஆஃப்’ இந்த அமெரிக்கப் பொருளில்தான்.

இந்தியச் சட்டத்தில் அச்சொல்லுக்குக் கிட்டத்தட்ட எதிர்ப்பொருள். 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டப்படி, நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் இவற்றின் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களால் முதலாளி வேலை தர இயலாத நிலையே ‘லே ஆஃப்’. தொழிலாளியின் பெயர் வருகைப் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். வேலை போகவில்லை; வேலை கொடுக்கப்படவில்லை. 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளில், ஓராண்டு தொடர்பணி முடித்த தொழிலாளிக்கு அந்நாட்களுக்கு அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றில் பாதி இழப்பீடாக உண்டு. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இந்தப் பொருளையே வைத்திருக்கிறது.

அமெரிக்கரின் ‘லே ஆஃப்’ நம் சட்டத்தில் ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’ எனப்படும், தமிழில் ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் ‘வாலண்டரி ரிடையர்மென்ட்’, அதாவது தன் விருப்பில் விலகுதல், ஆட்குறைப்பு ஆகாது என்று வரையறையிலேயே எழுதியிருக்கிறது.

ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு, ‘நாங்க அனுப்பினா உங்க பேரு கெட்டுப்போகும் சார், நீங்களே ரிசைன் பண்ணிடுங்க’ என்று கனிவாகச் சொல்வதன் பொருளாதாரம் இதுதான். மாதம் 24,000 ரூபாய் வாங்கும், 8 ஆண்டு முடித்த ஒருவருக்கு, பதினைந்து நாளைப் பாதி மாதம் என்று எளிதாக வைத்துக்கொண்டால், ஆட்குறைப்பு இழப்பீடு 96,000 ரூபாய். முன்னறிவிப்புக்கு ஈடாக இன்னும் 24,000. ‘ஐ ரிசைன் ஃபார் பெர்சனல் ரீசன்ஸ்’ என்ற ஒற்றை வரியில் கையெழுத்திட்டால் இவற்றைக் கேட்கும் உரிமை மிகவும் பலவீனப்படும். ஐந்தாண்டு பணிக்கான பணிக்கொடை மட்டும் விலகினாலும் கிடைக்கும். மேலாளர் போன்ற சிலர் சட்டத்தின் ‘தொழிலாளி’ வரையறைக்குள் வரமாட்டார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். இப்படி நெருக்கி விலக வைப்பதற்குப் பிரிட்டிஷ் சட்டத்தில் ‘கன்ஸ்ட்ரக்டிவ் டிஸ்மிஸல்’ என்று பெயர். ‘கன்ஸ்ட்ரக்டிவ்’ என்பதற்கு ஆக்கபூர்வமான என்று அகராதியில் பார்த்தவர் தலையைச் சொறிவார். சட்ட மொழியில் அதற்கு ‘நேரடியாக இல்லாவிட்டாலும் அப்படியே கொள்ளத்தக்க’ என்று பொருள்.

அரசுப் பணியில் இன்னொரு இணை கவனத்துக்குரியது. ‘ரிமூவல் ஃப்ரம் சர்வீஸ்’, ‘டிஸ்மிஸல் ஃப்ரம் சர்வீஸ்’ இரண்டிலும் வேலை போகிறது. மத்திய அரசின் 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, முன்னதில் பின்னாளில் அரசு வேலைக்கு வரத் தடையில்லை. பின்னதில் பொதுவாகத் தடை உண்டு. தமிழிலும் இப்படியொரு வழுக்குப் பாறை உண்டு. பணிநீக்கம் என்றால் வேலை போயிற்று. பணியிடை நீக்கம் என்றால் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பிழைப்பூதியமும் உண்டு. செய்தித் தலைப்பில் நடு எழுத்துகள் விழுந்துபோனதால் எத்தனை பேர் உறவினரிடம் விளக்கம் சொல்லியிருப்பார்களோ.

2020-இல் கொரோனாக் காலத்தில் ‘ஃபர்லோ’ என்ற பழைய சொல் திரும்பி வந்தது. முன்பு படைவீரரின் விடுமுறைக்கு வழங்கியது. பிரிட்டனில் அப்போது ‘புட் ஆன் ஃபர்லோ’ செய்யப்பட்டவர்களின் ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே தந்த திட்டம் 2021 செப்டம்பர் வரை நீடித்தது. நம் சட்டத்து ‘லே ஆஃப்’ இதற்குத் தூரத்து உறவு.

யார் தொழிலாளி?

பொதுப் பேச்சில் ‘வொர்க்கர்’ என்றால் உடலுழைப்பாளர், ‘எம்ப்ளாயீ’ என்றால் ஊழியர். ‘புளூ காலர் வொர்க்கர்’, ‘ஒயிட் காலர் வொர்க்கர்’ என்று சட்டைக் காலரின் நிறத்தால் பிரிப்பதும் உண்டு. ‘ஸ்கில்ட்’, ‘செமி ஸ்கில்ட்’, ‘அன்ஸ்கில்ட்’ என்ற பிரிப்பு குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகளில் தொகையையே தீர்மானிக்கிறது. ‘மைக்ரன்ட் வொர்க்கர்’ புலம்பெயர் தொழிலாளர். ‘டொமெஸ்டிக் வொர்க்கர்’ வீட்டுப் பணியாளர். ‘சர்வன்ட்’ என்று சொல்வதை இன்று பலர் தவிர்க்கிறார்கள், தவிர்ப்பதே முறை.

பிரிட்டிஷ் சட்டத்தில் ‘எம்ப்ளாயீ’, ‘வொர்க்கர்’, ‘செல்ஃப் எம்ப்ளாய்ட்’ என்று மூன்று படிகள் உண்டு. நடுப்படியில் உள்ள ‘வொர்க்கர்’ குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் விடுமுறையும் பெறுவார். ஆனால் நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பும் ‘ரிடண்டன்சி பே’யும் ‘எம்ப்ளாயீ’க்கு மட்டுமே. ஊபர் ஓட்டுநர்கள் தங்கள் வழக்கில் கேட்டது இந்த நடுப்படியைத்தான். அவர்கள் சுயதொழில் செய்வோர் என்று நிறுவனம் வாதிட்டது. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்கள் ‘வொர்க்கர்’ என்றே தீர்ப்பளித்தது. தாளில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட, வேலை யார் கட்டுப்பாட்டில் நடக்கிறது என்பதை நீதிமன்றம் பார்த்தது.

நம் ஊரில் உணவு கொண்டுவரும் இளைஞருக்குச் செயலியில் ‘டெலிவரி பார்ட்னர்’ என்று பெயர். ‘பார்ட்னர்’ என்றால் பங்காளி. இலாபத்தில் பங்கு உண்டா என்று அவரைக் கேட்டுப் பார்த்தால் சிரிப்பார். அவர் ‘எம்ப்ளாயீ’ அல்ல என்பதை மரியாதையாகச் சொல்லும் சொல் அது. ‘கிக் வொர்க்கர்’ என்ற சேர்க்கைக்கு இந்தியச் சட்டத்தில் முதன்முதலாக இடம் தந்தது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. இராஜஸ்தான் 2023-இல் இவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ‘கிக்’ என்பது இசைக் கலைஞர்கள் ஓர் இரவுக் கச்சேரிக்கு வைத்திருந்த பெயர்.

வேலைநிறுத்தச் சொற்கள்

தொழிலாளர் வேலையை நிறுத்துவது ‘கோ ஆன் ஸ்ட்ரைக்’. சங்கம் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுப்பது ‘கால் எ ஸ்ட்ரைக்’. அதே வினையோடு ‘ஆஃப்’ சேர்ந்து ‘கால் ஆஃப் எ ஸ்ட்ரைக்’ என்றானால் வேலைநிறுத்தத்தைக் கைவிடுவது. அவசரத்தில் மொழிபெயர்க்கும்போது இந்த ‘ஆஃப்’ தப்பிவிடுவதுண்டு. கதவைப் பூட்டுவது முதலாளி என்றால் ‘டிக்ளேர் எ லாக் அவுட்’, தமிழில் கதவடைப்பு. வேலைக்கு வந்தும் மெதுவாகச் செய்வது ‘கோ ஸ்லோ’. விதியில் எழுதியதை மட்டும் எழுத்துப் பிசகாமல் செய்வது ‘வொர்க் டு ரூல்’. எல்லா விதிகளையும் கடைப்பிடித்தாலே அலுவலகம் நின்றுபோகும் என்பதை இத்தொடர் தன்னையறியாமல் ஒப்புக்கொள்கிறது. இந்தியா ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல் ‘கெராவ்’.

ஒப்பந்தத்தை மீறுவது ‘பிரேக் எ கான்ட்ராக்ட்’. இச்சேர்க்கை சென்னைத் தொழிலாளர் வரலாற்றில் ஓரிடம் பெற்றிருக்கிறது. 1918-இல் பி. பி. வாடியா முதலியோர் முயற்சியால் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், பெரம்பூரிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களிடையே வேரூன்றியது. 1920-இல் ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கூலி உயர்வு குறித்து அல்ல. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று. நீதிமன்றம் தடையாணை தந்தது. வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்வதே சட்டப்படி குற்றச்சாட்டுக்குரியதானால் சங்கம் நடத்தவே வழியில்லை என்பது இதனால் வெளிப்பட்டது. சட்டப் பாதுகாப்புக் கோரிக்கையை என். எம். ஜோஷி மத்திய சட்டசபைக்குக் கொண்டுசென்றார். 1926-இல் வந்த தொழிற்சங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, தொழில்தகராறு ஒன்றின் தொடர்பில் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவு பெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகிகள், உறுப்பினர்கள் மீதோ உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது என்று கூறியது. ஆலை நிர்வாகம் வழக்கில் பயன்படுத்திய அதே சொற்சேர்க்கைதான் அப்பிரிவிலும் இருக்கிறது.